திருவாரூர் சாயரட்சையும் பூக்கார அக்காவுக்குச் சொன்ன வார்த்தையும்

திருவாரூர் போறவங்க தியாகேசரைப் பாப்பாங்க, யோகத்துல உக்காந்திருக்கிற கமலாம்பாளைப் பாப்பாங்க, கமலாலயக் குளத்தைப் பாத்து அசந்து நிப்பாங்க (கோயில் அஞ்சு வேலி குளம் அஞ்சு வேலின்னு சும்மாவா சொன்னாங்க), ஆனா தேவாரம் பாடுன சுந்தரருக்கு வலது கண்ணு திரும்பக் கெடைச்ச ஊரு இதுங்கிறதை நெனைச்சுப் பாக்குறவங்க கம்மிதான். இந்த தடவை எனக்கு அதுதான் மனசு முழுக்க இருந்துச்சு, காரணம் எங்க அத்தை.

அத்தைக்கு கும்பகோணம். அவங்க தெருமுனையில சாயங்காலம் பூ விக்கிற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. கொரோனாவுக்கு முன்னாடி எப்பவோ பேச்சுவாக்குல அத்தை அவங்ககிட்ட "ஒரு நாள் ஒன்னைய திருவாரூர் சாயரட்சைக்குக் கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லிட்டாங்க (சாயரட்சைன்னா கோயில்ல சாயங்காலம் நடக்குற பூஜை). அப்புறம் லாக்டவுன், அப்புறம் அத்தைக்கு முட்டி ஆபரேஷன், வருஷம் ஓடிப்போச்சு. இப்ப நாங்க கெளம்புறப்போ அத்தைக்கு ஒரே யோசனை. வீட்ல எல்லாரும் "அவங்களே மறந்திருப்பாங்க, கேக்கவே இல்லியே, கார்ல நாம மட்டும் போயிட்டு வந்துரலாம்"னாங்க.

எனக்கு அது சரியாப் படல. கேக்கலன்னா மறந்துட்டாங்கன்னு நாமளா முடிவு பண்ணிக்கிறோம். பணம் குடுத்தவன் வாசல்ல வந்து நின்னு கேப்பான், தெனமும் பூ வாங்குற வீட்டம்மாகிட்ட போயி "கூட்டிட்டுப் போறேன்னீங்களே"ன்னு அவங்க எப்படிக் கேப்பாங்க, சொல்லுங்க. அத்தையோட தயக்கத்துலயும் ஒரு நியாயம் இருந்துச்சு, சாயங்காலம்தான் அவங்களுக்கு வியாபாரமே, நாம கூப்பிட்டு அவங்களால மாட்டேன்னு சொல்ல முடியாம ஒரு நாள் பொழைப்பு போச்சுன்னா அதுவும் பாவம்தானே. அதனால முகூர்த்தம் இல்லாத திங்கக்கிழமையாப் பாத்து, முடியலன்னா பரவால்ல இன்னொரு நாள் வச்சுக்கலாம்னு சொல்லிக் கேக்கலாம்னு முடிவாச்சு.

கேட்டதும் அந்த அக்கா சொன்ன பதில்: "அஞ்சு மணிக்குள்ள போயிரணும்மா, அப்பத்தான் கமலாம்பாளைப் பாத்துட்டு சாயரட்சைக்கு எடம் புடிச்சு நிக்க முடியும், குடவாசல் வழி பஸ்ஸே நெறைய இருக்கு." எல்லாம் விசாரிச்சு வச்சிருந்திருக்காங்க. அத்தைக்குப் பேச்சே வரல.

காரை விட்டுட்டு பஸ்லயே போனோம். திருச்சேறையில நெறைய பேர் எறங்குனாங்க, அங்க சாரபரமேஸ்வரர் கோயில்ல ருண விமோசன லிங்கம் இருக்கு, கடன் தீரணும்னு பதினோரு திங்கக்கிழமை அர்ச்சனை பண்ணுவாங்க. பஸ்ஸுக்குள்ள இருந்தே கையெடுத்துக் கும்பிட்டோம். சொன்ன சொல்லும் கடன்தான், பத்திரம் எழுதலங்கிறது ஒண்ணுதான் வித்தியாசம்னு எனக்குத் தோணுச்சு.

சுந்தரர் கதையைப் பஸ்ல அத்தைதான் சொன்னாங்க. திருவொற்றியூர்ல சங்கிலியாரைக் கட்டிக்கிறப்போ ஒன்னைய விட்டுப் பிரிய மாட்டேன்னு மகிழ மரத்தடியில சத்தியம் பண்ணாரு. அப்புறம் திருவாரூர் வசந்த விழா ஞாபகம் வந்து, அங்க இருந்த மொத சம்சாரம் பரவையார் ஞாபகம் வந்து, ஒற்றியூர் எல்லையைத் தாண்டுனாரு, ரெண்டு கண்ணும் போச்சு. அவரு சாமிக்கே தோழரு, அந்தத் தோழருக்கே விட்டுக்குடுக்கல. காஞ்சிபுரத்துல இடது கண்ணு, திருவாரூர் வந்து மீளா அடிமைப் பதிகம் பாடுன பிறகுதான் வலது கண்ணு. அத்தை இதெல்லாம் சொல்லிட்டு "அந்த சங்கிலியாரும் சாமிக்குப் பூமாலை கட்டிக்கிட்டு இருந்தவதாண்டி"ன்னு பூக்கார அக்காவப் பாத்தாங்க. அந்த அக்கா கண்ணு கலங்கிடுச்சு.

கோயில்ல நாங்க மூணு பேரும் மொதல்ல கமலாம்பாள் சன்னதிக்குப் போனோம். அக்கா ஒரு ஈரத்துணியில சுருட்டி மல்லி கொண்டு வந்திருந்தாங்க, காலையில உக்காந்து நெருக்கமாக் கட்டுனது, ஒரு மொட்டு கூட விரியல. தெனமும் முழங்கையில அளந்து அளந்து விக்கிற கை அது. அன்னைக்கு அளக்காம அப்படியே மொத்தமா குருக்கள் தட்டுல வச்சாங்க. எவ்ளோம்மா இருக்கும்னு அவரு கேட்டப்போ "தெரியலீங்க சாமி"ன்னாங்க.

சாயரட்சையை எழுதிக் காமிக்க எனக்குத் தெறமை பத்தாது. தேவர்களே வந்து கும்பிடுற நேரம்னு சொல்ற பூஜை, பஞ்சமுக வாத்தியம்னு அஞ்சு முகம் வச்ச மேளம் முழங்குறப்போ நெஞ்சுக்குள்ள அதிருது. தியாகேசருக்கு முகம் மட்டும்தான் தெரியும், பாத தரிசனம் மார்கழி திருவாதிரைக்கும் பங்குனி உத்திரத்துக்கும்தான். தீபாராதனை காட்டுறப்போ முன்னாடி உயரமான ஆம்பளைங்க நின்னு மறைச்சாங்க, அத்தை அந்த முட்டியோட தள்ளி நின்னு, அக்காவைத் தோளைப் புடிச்சு முன்னாடி நிறுத்துனாங்க. "நான் பாத்திருக்கேன், நீ பாரு."

இதே ஊர் தெருவுலதான் சுந்தரருக்காக சாமியே பரவையார் வீட்டுக்கு ரெண்டு தடவை தூது நடந்தாரு. நாம ஒருத்தரை பஸ்ல கூட்டிட்டு வர்றதுக்கு இவ்ளோ யோசிச்சோம்.

யாருக்காவது எப்பவோ சொன்னது பாக்கி இருந்தா, லேட் ஆயிடுச்சேன்னு கூச்சப்பட்டு விட்டுறாதீங்க, போயி கேளுங்க. வேணாம்னா அவங்களே சொல்லட்டும்.

திரும்பி வர்றப்போ பஸ்ல அத்தை வேற ஒண்ணை ஞாபகப்படுத்திக்கிட்டாங்க, பால்காரர் மருமகளுக்குத் சுகப்பிரசவத்துக்குத் திருக்கருகாவூர் கோயில் எண்ணெய் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருந்தாங்களாம், அந்தப் பொண்ணுக்கு இப்ப ஏழாம் மாசம். "வெள்ளிக்கெழமை லீவு போடு, போயிட்டு வந்துருவோம்"னாங்க. போட்டுட்டேன்.