கூப்பர் கிரீக் கரையில் 18 வாரங்கள்

ஆஸ்திரேலியாவில் 'டிக் ட்ரீ', அதாவது 'தோண்டு' என்று செதுக்கிய மரம், என்றால் தெரியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடப் பாடத்திலேயே வரும் கதை. அடிலெய்டுக்குக் குடிவந்த புதிதில் கேள்விப்பட்டதிலிருந்து என்றாவது போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த இடம். இந்தக் குளிர்காலத்தில் நண்பரும் நானும் வண்டியை எடுத்துவிட்டோம். ஸ்ட்ரெஸ்லெக்கி தடத்தின் புழுதியெல்லாம் தாண்டி இன்னமின்கா என்ற சிற்றூரில் இரவு தங்கினோம். மறுநாள் காலை கிழக்கே சுமார் 70 கி.மீ. குவீன்ஸ்லாந்து எல்லையைக் கடந்து, நாப்பா மெர்ரி என்ற மாட்டுப் பண்ணையின் நிலத்துக்குள் இருக்கிறது அந்த மரம்.

மரம் நிற்பது கூப்பர் கிரீக் என்ற ஆற்றின் கரையில். அங்கே நின்றால் பாலைவனத்தின் நடுவே இருக்கிறோம் என்றே தோன்றாது. அகலமான கலங்கல் நீர், அதில் கூழைக்கடாக்கள், மேலே கிளைக்குக் கிளை கத்தும் வெள்ளைக் கிளிகள். கூப்பர் கிரீக் பெரும்பாலும் ஓடாது. மடு மடுவாகத் தேங்கி நிற்கும். நல்ல மழை பெய்த வருடங்களில்தான் பெருகி ஐர் ஏரி வரை போய்ச் சேரும். இங்கே உள்ள மடு வற்றுவது அபூர்வம். 1860 டிசம்பரில் பர்க் என்பவரின் பயணக் குழு முகாம் போட இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. முதலில் இறங்கிய இடத்தில் எலித் தொல்லை தாங்காமல் நகர்ந்து வந்தவர்கள் அவர்கள். மெல்போர்னிலிருந்து எண்ணினால் இது 65-ஆவது முகாம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்துவிட வேண்டும் என்று ராபர்ட் ஓஹாரா பர்க் தலைமையில் ஒரு பெரிய குழு 1860 ஆகஸ்ட் 20 அன்று மெல்போர்னிலிருந்து கிளம்பியது. வழியில் சண்டை, ராஜினாமா, தாமதம். பர்க் பொறுமையில்லாமல் குழுவைப் பிரித்தார். டிசம்பர் 16 அன்று வில்ஸ், கிங், கிரே மூவரையும் ஆறு ஒட்டகங்களையும் ஒரு குதிரையையும் கூட்டிக்கொண்டு இந்தக் கரையிலிருந்து வடக்கே போனார். கடலின் உப்புநீர் ஏறும் சதுப்புவரை போய்விட்டுத் திரும்பினார்கள். வரும் வழியில் கிரே இறந்தார். மிச்சம் மூவரும் 1861 ஏப்ரல் 21 மாலை இங்கே வந்து சேர்ந்தபோது முகாம் காலி. காவல் இருந்தவர்கள் அன்று காலையில்தான் கிளம்பியிருந்தார்கள். மரத்தில் 'தோண்டு' என்று செதுக்கியிருந்தது. தோண்டினால் மாவு, சர்க்கரை, அரிசி, ஒரு கடிதம்.

இந்தச் சில மணி நேர இடைவெளியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கரையில் நின்றபோது மனதில் ஓடியது அதற்கு முந்தைய 18 வாரங்கள்.

வில்லியம் பிராஹே என்ற இளைஞர் பொறுப்பில், அவரையும் சேர்த்து நான்கு பேர் இங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தோஸ்த் முகமது. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஒட்டகங்களோடு கப்பலேறி வந்தவர். மூன்று மாதம் காத்திருங்கள் என்றார் பர்க். நான்கு மாதம் இருங்கள் என்று வில்ஸ் கேட்டுக்கொண்டார். மரக்கட்டைகளை நட்டு ஒரு வேலி எழுப்பிக்கொண்டு, நடுக் கோடையில், குழுவின் மற்றொரு பகுதி தங்கியிருந்த மெனிண்டீ என்ற ஊரிலிருந்து வரவேண்டிய சாமான்களுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சாமான்கள் வரவே இல்லை. கொண்டுவர வேண்டிய ரைட் என்பவர் மெனிண்டீயைவிட்டுக் கிளம்பியதே ஜனவரி கடைசியில். இங்கே நால்வரில் ஒருவரான பேட்டனுக்கு உடம்பு முடியாமல் போனது. மற்றவர்களுக்கும் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) தலைகாட்டியது. நான்கு மாதம் தாண்டியும் இருந்துவிட்டுத்தான் பிராஹே புறப்பட்டார். பேட்டன் ஜூனில் வழியிலேயே இறந்துபோனார். பிறகு விசாரணைக் கமிஷன் பிராஹேயைக் கண்டித்தது. என்னைக் கேட்டால், அவரை இவ்வளவு காலமாகத் திட்டிக்கொண்டிருப்பது அநியாயம்.

அவர் எழுதிவைத்த கடிதம் வேறு விஷயம். நாங்கள் நன்றாக இருக்கிறோம், மிருகங்களும் நல்ல நிலையில் இருக்கின்றன என்ற தொனியில் எழுதிவிட்டார். அதைப் படித்த பர்க், இவர்களை இனி எட்டிப் பிடிக்க முடியாது என்று முடிவு செய்தார். உண்மையில் அந்த இரவு பிராஹேயின் ஆட்கள் படுத்திருந்தது சுமார் 14 மைல் தூரத்தில். பர்க் தென்மேற்கே மவுண்ட் ஹோப்லெஸ் என்ற இடத்தின் பக்கம் போவதாக ஒரு கடிதம் எழுதி அதே குழியில் புதைத்து, முன்பு இருந்ததுபோலவே மண்ணை மூடினார். மரத்தில் புதிதாக ஒரு கீறல்கூடப் போடவில்லை. மே 8 அன்று மனசு கேட்காமல் ரைட்டைக் கூட்டிக்கொண்டு பிராஹே திரும்பி வந்து பார்த்தார். மண் கலையவில்லை, மரத்தில் மாற்றமில்லை. கால் மணி நேரத்தில் போய்விட்டார். எனக்கு அதிகம் வலிக்கும் இடம் இதுதான்.

மரத்தைச் சுற்றி வேர் மிதிபடாமல் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதில் நின்றபடி பார்க்கலாம். 'தோண்டு' என்ற செதுக்கல் இப்போது தெரியாது. பட்டை வளர்ந்து மூடிவிட்டது. கண்ணுக்குத் தெரிவது முகாம் எண் இருக்கும் பக்கம் மட்டும்: மேலே ஒரு பி, அதன் கீழே ரோமன் எண்ணில் 65. பட்டை நான்கு பக்கமும் தடித்த உதடுபோல உருண்டு உள்ளே வந்துகொண்டிருக்கிறது. இன்னும் சில தலைமுறையில் இதுவும் மூடிக்கொள்ளும்போலிருக்கிறது. கொஞ்சம் தள்ளி இன்னொரு மரத்தில் 1898-இல் ஒருவர் செதுக்கிய பர்க்கின் முகம் இருக்கிறது. தாடி வரை அடையாளம் தெரிகிறது.

இத்தனை பேர் பட்டினியிலும் நோயிலும் விழுந்த இதே கரையில் இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான யாண்ட்ருவாந்தா மக்கள் குழந்தை குட்டிகளோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மீன், பறவை, அப்புறம் நார்டூ. நார்டூ நம் ஆரைக்கீரைக்குச் சொந்தக்காரச் செடி. அதே நாலிலை, அதே ஈரத்தரை. நாம் இலையைச் சமைக்கிறோம். இவர்கள் அடியில் இருக்கும் சிறு கொட்டை போன்ற வித்துறையை இடித்து ரொட்டி சுடுவார்கள். வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி ஒன்று அதில் உண்டு. பக்குவம் தெரிந்தவர்கள் செய்தால் அதன் கேடு போய்விடும். பர்க்கும் வில்ஸும் பக்குவம் தெரியாமல் அரைத்துத் தின்றார்கள். வயிறு நிறைந்தது, உடம்பு கரைந்தது. மீன் கொண்டுவந்து கொடுத்தவர்களைப் பர்க் துப்பாக்கியால் சுட்டு விரட்டிய சம்பவமும் உண்டு. ஜூன் கடைசியிலும் அதையொட்டியும் இருவரும் இறந்தார்கள்.

கிங் மட்டும் பிழைத்தார். யாண்ட்ருவாந்தா மக்களிடம் போய்ச் சேர்ந்தார். ஒரு பெண்ணின் கையில் இருந்த புண்ணுக்கு மருந்து வைத்தார், அவர்களுக்காகப் பறவை சுட்டுக் கொடுத்தார். அவர்கள் சோறு போட்டார்கள், படுக்க இடம் கொடுத்தார்கள். செப்டம்பர் 15 அன்று ஹோவிட்டின் தேடுதல் குழு வந்து அவரைக் கண்டெடுக்கும்வரை உயிரோடு வைத்திருந்தது அவர்கள்தான். 2016-இல் இந்த இடங்களைத் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது யாண்ட்ருவாந்தா பெயரையும் சேர்த்தே எழுதினார்கள். நியாயமான காரியம்.

போக நினைப்பவர்களுக்கு: மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். மழை பெய்தால் தடத்தை மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் சாலை நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோலும் தண்ணீரும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஈ மொய்க்கும், முகவலை அவசியம். டிக் ட்ரீயை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கிங்கைக் கண்டெடுத்த இடமும் இதே கூப்பர் கிரீக் கரையில், இன்னமின்கா பக்கம்தான் இருக்கிறது. அதற்கும் ஒரு அரை நாள் ஒதுக்குங்கள்.