பசிக்கு ஒரு மீட்டர்

கேம் டிசைனில் என் வேலை பெரும்பாலும் விதி எழுதுவது: யார் எவ்வளவு ஓடலாம், எப்போது களைப்பார், எதைத் தொட்டால் சாவார் என்பதெல்லாம். ரத்தக்காட்டேரி நாயகனாக வரும் ஒரு கேம் என் கைக்கு வந்தபோது, இதற்கு முன் செய்தவர்களின் கேம்களை முதலில் ஆடிப் பார்த்தேன்.

வெயில் பட்டால் சாவு என்று விதி வைத்தால் பகல் முழுக்க ஆட்டம் முடங்கிவிடும். அதனால் பலரும் அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். இது மரபுக்குத் துரோகமும் அல்ல. 1897-இல் வெளிவந்த டிராகுலா நாவலில் பிரபு பகலில் நடமாடுகிறார், சக்திதான் குறைந்திருக்கும். வெயில் கொல்லும் என்பது 1922-இன் நொஸ்ஃபெராட்டு படத்திலிருந்து வேரூன்றியது. 1996-இல் வந்த பிளட் ஓமன் கேமில் ரத்தக்காட்டேரி நாயகன் கெயினுக்கு வெயில் வெறும் பலவீனம், மழைதான் எரிக்கும். அவன் குடித்த ரத்தமும் தானாகக் குறைந்துகொண்டே வரும். வி ரைசிங் என்ற கேமில் மரநிழலில் ஒதுங்கலாம், ஆனால் சூரியன் நகர நிழலும் நகரும். ஆடுபவர் தரையைப் பார்த்தே நடக்கப் பழகிவிடுகிறார்.

என்னை அதிகம் உலுக்கியது பிரான்சின் டோன்ட்நாட் நிறுவனம் உருவாக்கி 2018-இல் வெளிவந்த வாம்பயர் என்ற கேம். 1918-இன் லண்டன், ஸ்பானிஷ் காய்ச்சல் பரவும் காலம். நாயகன் ஜோனதன் ரீட் மருத்துவர், ரத்தக்காட்டேரியும்கூட. தெருவில் திரியும் ஒவ்வொருவருக்கும் பெயரும் உறவும் ரகசியமும் உண்டு. கொன்று குடித்தால், நாயகனின் சக்தியைக் கூட்ட உதவும் அனுபவப் புள்ளிகள் குவியும். ஒருவரைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்டால் அவர் ரத்தத்தின் மதிப்பு ஏறும். அவர் நோய்க்கு மருந்து கொடுத்தாலும் ஏறும். அக்கறையாகக் கேட்ட கேள்வியும் கொடுத்த மாத்திரையும் ஆட்டைக் கொழுக்க வைப்பதுபோல ஆகிவிடுகின்றன. கொல்லாமலே இருந்தால் சண்டைகள் கடினமாகும். கொன்றால் அந்த வட்டாரம் சரியும், அவருடைய சொந்தங்களின் பேச்சே மாறிவிடும். அருகில் வந்து அன்பாகப் பேசுபவன்தான் ஆபத்தானவன் என்ற பழைய பயத்தை, ஒரு வசனமும் இல்லாமல் கணக்கை வைத்தே சொல்லிவிட்டார்கள். விதி எழுதும் ஒருவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்பேன்.

எங்கள் குழுவில் முதலில் வந்த யோசனை வழக்கமான பசி மீட்டர்: காலியானால் உயிர் குறையும், குடித்தால் நிரம்பும். நான் மறுத்தேன். அப்படி வைத்தால் எதிரே நிற்கும் மனிதர் ஒரு மருந்துப் பாட்டில் ஆகிவிடுவார்; ஆடுபவருக்குக் குற்ற உணர்வு வர வழியே இருக்காது. மீட்டரை எடுத்துவிட்டு, பசி கூடக் கூட அருகிலிருப்பவர்களின் இதயத்துடிப்பு உரக்கக் கேட்கும்படி செய்யலாம் என்றேன். ஒலிப் பிரிவுக்கு அது பெரிய வேலை. ஒவ்வொருவருக்கும் தனித் துடிப்பு வேண்டும் என்று நானே போய்க் கேட்டேன், செய்து கொடுத்தார்கள்.

டெஸ்டிங்கில் சிலர், எண் தெரியாததால் திட்டமிட முடியவில்லை என்றார்கள். காது கேளாதவர்கள் எப்படி ஆடுவார்கள் என்ற கேள்வியும் வந்தது. அது நியாயமான கேள்வி. துடிப்புக்கு ஏற்பத் திரையின் ஓரம் சிவந்து அடங்கும் ஒரு தேர்வை அமைப்புகளில் சேர்த்தோம். எண் மட்டும் வேண்டாம் என்பதில் இன்றும் உறுதியாக இருக்கிறேன்.