இயல்பான மழை, மூழ்கிய வயல்: டெல்டா சம்பாவுக்குப் பருவக் கணிப்பைப் படிப்பது எப்படி

2022 நவம்பர் இரண்டாம் வாரத்தில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டின் மூன்று மாதச் சராசரியே ஏறக்குறைய 44 செ.மீ.தான். டிசம்பர் முடிவில் கூட்டிப் பார்த்தால் அந்த ஆண்டு மாநில மழை 'இயல்பு' என்றே வந்தது. கணக்கில் பிழையில்லை. சம்பா பயிர் அழுகிப் போனவர்களுக்கு அந்தச் சொல்லால் பயனில்லை, அவ்வளவுதான்.

வானிலை மையம் 'இயல்பு' என்று சொல்வது நீண்ட காலச் சராசரியில் 88 முதல் 112 விழுக்காடு வரை. அதுவும் தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகம் ஐந்துக்கும் சேர்த்த எண். திருவனந்தபுரத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் ஒரே எண்! மழை எத்தனை நாளில் வரும், நடவுக்கு முன்னா பின்னா என்பது அதில் இருக்காது.

பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி வழக்கத்தை விடச் சூடானால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா. எல் நினோ வந்தால் வடகிழக்கு மழை கூடும், லா நினா என்றால் குறையும் என்பது பொதுக் கணக்கு. 2015 எல் நினோ ஆண்டு, சென்னை மூழ்கியது. 2016 இறுதியில் லேசான லா நினா. மழை 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலமே வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2021-லும் லா நினாதான், மழையோ சராசரியைத் தாண்டிக் கொட்டியது. தராசு ஒரு பக்கம் லேசாகச் சாயும் என்பதற்கு மேல் இதில் எதையும் படிக்கக் கூடாது. எல் நினோ என்று கேட்டதும் 'இந்த வருஷம் மழைக்குப் பஞ்சமில்லை' என்று நிம்மதியாகி விடுவதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அதே எல் நினோ பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையைக் கெடுக்கும். டெல்டாவுக்கு வானம் இரண்டு: குடகிலும் வயநாட்டிலும் பெய்வது மேட்டூரை நிரப்பும், ஐப்பசியில் பெய்வது நேராக வயலில் விழும். முன்னது பொய்த்து நடவு தள்ளிப்போன ஆண்டில் பின்னது கொட்டினால், இளம்பயிர்தான் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே ஜூலையிலிருந்து பார்க்க வேண்டியது மேட்டூர் அணை. அடியை விட டி.எம்.சி.யை (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) பாருங்கள். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. 100 அடியில் இருப்பு 65 டி.எம்.சி.யை ஒட்டித்தான் இருக்கும். அணை மேலே போகப் போக அகலம் என்பதால், கடைசி 20 அடியில் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் நிற்கிறது. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் திறந்தால் ஒரு டி.எம்.சி. காலி. வரத்து நின்றுவிட்ட நிலையில் 50 டி.எம்.சி. இருந்தால், குடிநீருக்கு ஒதுக்குவதைக் கழித்தால் ஒன்றரை மாதம்கூடத் தாங்காது. கதவு திறந்த செய்தி வந்த அன்றே நாற்றங்காலில் விதை விடுவதும் தவறு. கல்லணைக்கு வரவே மூன்று நாள் ஆகும்; கடைமடைக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம்.

ரகத்தைப் பின்னாலிருந்து எண்ணித் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கமாக ஜனவரி 28-ல் மேட்டூர் மூடப்படும். ஆகஸ்ட் நடுவில் விதைத்தால் 155 நாள் நெல் ரகமான சி.ஆர். 1009 ஜனவரி மூன்றாம் வாரத்தில் அறுவடைக்கு வரும். தண்ணீர்க் கவலை இல்லை. அதையே செப்டம்பர் கடைசியில் விதைத்தால் பால் பிடிக்கும் நேரத்தில் ஆறு காய்ந்திருக்கும். அப்போது 130, 135 நாள் ரகம். அதற்கும் பிந்தினால் குறுகிய கால ரகம். கடைமடையில் ஆற்றை நம்பாமல் புழுதி விதைப்பு (காய்ந்த மண்ணில் நேரடி விதைப்பு) செய்பவர்கள், ஒரு விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு கரைசலில் விதையை 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைத்தால் முளைப்பு வறட்சியைத் தாங்கும்.

தாழ்வான வயலுக்கு சி.ஆர். 1009 சப்-1 நல்ல தேர்வு. நீரில் மூழ்கினால் மற்ற ரகம் மேலே வந்துவிட வேண்டும் என்று நீண்டு நீண்டு சத்தைச் செலவழித்துவிடும். சப்-1 மரபணு உள்ளது வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்து வைக்கும்; இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீளும். ஆனால் தூர் கட்டும் பருவத்தில்தான் இந்த வித்தை. பூக்கும் சமயத்தில் மூழ்கினால் இதுவும் பதர்தான். முழங்கால் தண்ணீர் மாதக்கணக்கில் நின்றாலும் பயனில்லை.

ஓர் ஏக்கரில் 10 செ.மீ. மழை என்றால் நான்கு லட்சம் லிட்டர் தண்ணீர். அது வாமடை (வரப்பில் நீர் போகும் வாய்) வழியாக வடிகாலுக்குப் போய், வடிகால் ஆற்றுக்குப் போய், ஆறு கடலுக்குப் போக வேண்டும். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் முதல் கட்டத்திலேயே நின்றுவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் அதிகம் என்பதால் முகத்துவாரத்தில் நீர் வாங்காது. ஆரஞ்சு எச்சரிக்கை அந்த நாள்களோடு சேர்ந்தால், வயலில் இருக்கும் நீரை முந்தைய நாளே வடித்துவிடுவது நல்லது. மழை நின்ற பிறகு வரப்பை வெட்டிவிடலாம் என்றால் வெளியில் மட்டம் வயலை விட உயர்ந்திருக்கும், தண்ணீர் உள்ளேதான் வரும்.

நீர் வடிந்ததும் பயிர் மஞ்சளாக நிற்பதைப் பார்த்து யூரியா மூட்டையைப் பிரிக்கத் தோன்றும். வேர் கறுத்துக் கிடக்கும்போது போட்ட உரம் பயிருக்குப் போகாது. முதலில் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் நீரில் கரைத்து இலைவழி தெளிக்க வேண்டும். ஒரு குத்தைப் பிடுங்கிப் பாருங்கள். வெள்ளை வேர் தெரிந்த பிறகுதான் மேலுரம்: 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இட வேண்டும்.