டிரைவரை மாற்றினேன், நிமிர்ந்திருந்த திரை படுத்துவிட்டது

உபுண்டு 22.04இல், என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கான திறமூல டிரைவரான நூவோவை விட்டுவிட்டு, கார்டு தயாரிப்பாளரின் டிரைவருக்கு மாறினேன். நிறுவியதில் ஒரு தொந்தரவும் இல்லை. ரீஸ்டார்ட் ஆனதும்தான் வயிற்றைக் கலக்கியது.

என்னிடம் இரண்டு மானிட்டர். மெய்ப்புப் பார்க்க ஒன்றை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்திருக்கிறேன். அதில் எழுத்தெல்லாம் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. 75 ஹெர்ட்ஸில் ஓடிய இன்னொன்று 60க்கு இறங்கியிருந்தது. மறுநாள் காலை பக்கங்களைக் கொடுத்தாக வேண்டும். செட்டிங்ஸில் போய் அவசரமாக எதையோ மாற்றினேன், பாதிதான் சரியானது.

கடையில் கேட்டேன். கேபிள்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னார்கள். 450 ரூபாய்க்குப் புதுசு வாங்கி மாட்டினால் அதே 60. டிரைவர் மாற்றிய அன்று தயவுசெய்து யாரும் கேபிள் வாங்காதீர்கள்.

ராத்திரி, ஹோமில் மறைந்திருக்கும் .கான்ஃபிக் ஃபோல்டருக்குள் திரை அமைப்புகளைச் சேமித்து வைக்கும் மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்தபோதுதான் விளங்கியது. பழைய அமைப்பு அழியவே இல்லை! பழையதும் புதியதுமாக இரண்டு தொகுதிகள் இருந்தன. மாடல், சீரியல் எண் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. போர்ட் பெயர் மட்டும் பழையதில் எச்டிஎம்ஐ-1, புதியதில் எச்டிஎம்ஐ-0. எக்ஸ்11 என்ற திரைக்காட்சி அமைப்பில் நூவோ போர்ட்டுகளை 1இலிருந்து எண்ணுகிறது, இந்த டிரைவர் 0இலிருந்து. உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோம், போர்ட் பெயரையும் சேர்த்தே ஒப்பிடுவதால், இருந்த மானிட்டரையே அதற்கு அடையாளம் தெரியவில்லை.

கோப்புக்கு ஒரு நகல் எடுத்தேன். புதிய தொகுதியை நீக்கி, பழையதில் போர்ட் பெயர்களை மட்டும் திருத்தினேன். எண்ணை ஊகிக்காதீர்கள், டெர்மினலில் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையை அடித்தால் இப்போதைய பெயர்கள் வந்துவிடும். திருத்தியபின் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பக்கம் போய் எதையும் மாற்ற வேண்டாம், உங்கள் திருத்தத்தின் மேலேயே எழுதிவிடும். நேரே லாக் அவுட்.

உள்ளே வந்தால் திரை நிமிர்ந்து நிற்கிறது, பக்கத்தில் 75 ஹெர்ட்ஸ். அப்பாடா என்றிருந்தது.

லாகின் திரை மட்டும் இன்னும் சாய்ந்தே இருந்தது. அதைக் காட்டும் ஜிடிஎம் நிரலுக்குத் தனிக் கோப்பு. திருத்தியதை /வார்/லிப்/ஜிடிஎம்3 கீழேயுள்ள .கான்ஃபிக்கில் போட்டு, உரிமையாளரை ஜிடிஎம் என்று மாற்றினேன். அதுவும் எழுந்தது. மணி இரண்டே கால்; அப்புறம்தான் மெய்ப்பைத் தொட்டேன்.