வேலூரிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்கள் கேட்க வேண்டிய பேச்சு

கோட்டைவெளியில் பொதுக்கூட்டம் கேட்டுப் பழகிய காதுக்குச் சிங்கப்பூர்ப் பிரதமரின் தேசிய தினப் பேரணி உரை முதலில் சப்பென்றுதான் இருக்கும். அடுக்குமொழி கிடையாது. இருந்தாலும் போய்ச் சேர்ந்த முதல் ஆகஸ்டிலேயே அதை உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் ஒரே மாடியில் குடியிருக்கும் ஊர் எப்படி ஓடுகிறது என்பது அதில் பிடிபடும்.

1966 முதல் நடக்கும் வழக்கம் இது. ஒரு ஞாயிறு மாலை, பிரதமர் மலாயில் பேசுவார், அடுத்து மாண்டரின், கடைசியில் நீளமாக ஆங்கிலம். தமிழ் ஆட்சிமொழியாக இருந்தும் நமக்குத் தொலைக்காட்சியில் மொழிபெயர்ப்புதான். அந்தக் குறை நியாயமானதே. ஆனால் மலாய்ப் பகுதியைத் தவறவிடாதீர்கள். மலாய்க் குடும்பங்களின் கவலைகளை அவர்கள் மொழியிலேயே எடுத்துப் பேசுவதை மற்ற இனத்தவரும் கேட்கிறார்கள். ஒருவரிடம் ஒன்று, இன்னொருவரிடம் வேறொன்று என்று சொல்லிவிட்டு நழுவ முடியாது.

இந்தக் கவனம் சும்மா வரவில்லை. சிங்கப்பூரில் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் நடந்த 1964 இனக் கலவரங்களில் 36 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, இது மலாய் நாடும் இல்லை, சீன நாடும் இல்லை, இந்திய நாடும் இல்லை, எல்லோருக்கும் இடம் உண்டு என்றார் முதல் பிரதமர் லீ குவான் யூ. மக்களில் முக்கால்வாசி சீனர்கள், சொன்னவரும் சீனர். அந்தப் பேச்சின் கனம் அங்கேதான் இருக்கிறது. 'நாம் எல்லோரும் ஒன்று' என்று சிறுபான்மையினர் சொன்னால் அது வேண்டுகோள். பெரும்பான்மையைச் சேர்ந்தவர் தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னால் அது வாக்குறுதி. நம் வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் சேர்ந்து எழுந்ததற்கு, தலைப்பாகை, நெற்றிக்குறி, தாடி பற்றிய உத்தரவுகள் இருவரையும் புண்படுத்தியதே காரணம். அங்கே எதிரி வெள்ளைக்காரன், வெளியாள். சண்டை போட்ட அண்டை வீட்டாரையே சேர்த்து வைப்பது அதைவிடக் கடினம்.

பேச்சோடு விட்டுவிடாமல் வீட்டு விதியாகவும் ஆக்கினார்கள். 1989 முதல் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் இன வரம்பு உண்டு: இந்தியரும் பிறரும் சேர்ந்து ஒரு புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) 15 சதவீதம், அந்த வட்டாரத்தில் 12 சதவீதம். நிரந்தரவாசியாகி மறுவிற்பனை வீடு தேடும் நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். வீடு பிடித்துவிட்டது என்று முன்பணம் கொடுத்த பிறகு, வரம்பு நிரம்பிவிட்டது என்று தெரியவரும். விற்பவரும் இந்தியராக இருந்தால் இன வரம்பு தடுக்காது. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தனி வரம்பும் இருக்கிறது. மாதா மாதம் 1-ம் தேதி கணக்கு மாறும். வீவக இணையதளத்தில் இரண்டையும் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

பேச்சு கேட்கலாம், மேடை ஏற முடியாது. பொதுக்கூட்டம் போட ஒதுக்கிய இடமான ஹோங் லிம் பூங்காவில் நடக்கும் கூட்டங்கள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதியில் இருப்பவர் கும்பலோடு போய் நிற்பதும் ஆபத்து. ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஓடும் மதச் சண்டை வீடியோவை அங்கிருந்து அனுப்பாதீர்கள், விசாரணை வரும்.

ஜூலை 21 அன்று பள்ளிகளில் இன நல்லிணக்க நாள். பிள்ளை வேட்டியோ மலாய் உடையோ கேட்டு நிற்கும். எடுத்துக் கொடுக்கும்போது, 1964 கலவரம் தொடங்கிய தேதி அதுதான் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.