வெளியே வரும் சுற்றுகள்

முதல் தடவை அந்த லாபிரிந்த் துணியின் மேல், அதில் தீட்டிய சுருள் பாதையில் நடந்தபோது மையம் வரை ஒழுங்காகத்தான் போனேன். சற்று நேரம் கண்மூடி நின்றேன். பிறகு கோடுகளைக் குறுக்கே தாண்டி நேராக வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். இரவுப் பணி முடிந்த காலை அது. விடிவதற்குச் சற்று முன் வார்டில் ஒருவர் இறந்திருந்தார். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

துணியை விரித்து வைத்திருந்த மூத்த சக ஊழியர் என்னைப் பார்த்து, “நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று வீட்டில் தூக்கம் வராமல் புரண்டபோது, அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. என் உடல் மட்டும்தான் வீட்டுக்கு வந்திருந்தது.

நான் வலிதணிப்புச் சிகிச்சைப் பிரிவில் 11 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். எங்கள் இயன்முறை சிகிச்சைக் கூடத்தில் வாரம் ஒருநாள் அந்தப் பெரிய கான்வாஸ் விரிக்கப்படும். அதில் தீட்டியிருப்பது ஏழு சுற்று லாபிரிந்த், பழைய கிரேக்க நகரமான நாசோஸின் நாணயங்களில் காணப்படும் அதே வடிவம். லாபிரிந்த் என்றதும் பலர் முட்டுச்சந்துகளும் கிளைகளும் உள்ள புதிர்ப்பாதையை நினைத்துக்கொள்கிறார்கள். இதில் கிளையே கிடையாது. ஒரே பாதைதான், அதில் தொலைந்துபோக வழியில்லை. எந்த மருந்தை எப்போது கொடுப்பது, எந்த உறவினரிடம் எதை எவ்வளவு சொல்வது என்று பணி நேரம் முழுவதும் முடிவெடுத்துக்கொண்டே இருப்பவளுக்கு, அடுத்த அடி எங்கே என்று யோசிக்கத் தேவையில்லாத இருபது நிமிடங்கள் எவ்வளவு பெரிய கொடை! சிலர் மூச்சை எண்ணியபடி நடப்பார்கள். சிலர் ஒரு பெயரையோ பிரார்த்தனையையோ மனதுக்குள் சொல்லிக்கொள்வார்கள். எனக்குப் பாதத்தின் அடியில் துணி உரசும் ஓசையே போதும்.

பாதை போகும் விதத்தைப் பாருங்கள். வெளியிலிருந்து எண்ணினால், நுழைந்தவுடன் மூன்றாவது சுற்றுக்குள் போகிறோம். உள்ளே நெருங்குகிறோம் என்று நினைக்கும்போது அது நம்மை இரண்டாவதுக்கும், அங்கிருந்து வெளி விளிம்புக்கும் தள்ளிவிடுகிறது. பிறகு நான்கு, உடனே ஏழு. மையம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே போக விடாமல் மறுபடி ஆறு, ஐந்து என்று விலக்குகிறது. அந்த ஐந்திலிருந்துதான் மையத்துக்கு வழி. நோயாளியின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசியவர்களுக்கு இந்த ஒழுங்கு பழக்கமானது. ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நாம் நினைக்கும் நாளின் மறுநாள், அவர்கள் இன்னொரு மருத்துவரின் பெயரோடு வந்து நிற்பார்கள். முன்பு அதைப் பின்னடைவு என்று குறிப்பேட்டில் எழுதுவேன். இப்போது எழுதுவதில்லை.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது, போன பாதையிலேயே திரும்பும் வழிதான். ஹளேபீடு ஹொய்சளேஸ்வரர் கோயிலின் 12ஆம் நூற்றாண்டுச் சிற்பத்தில் சக்கரவியூகத்தை லாபிரிந்த் வடிவத்திலேயே செதுக்கியிருக்கிறார்கள். நுழையக் கற்றவன் அபிமன்யு. வெளியேறக் கற்காதவனும் அவனே. எங்கள் தொழிலில் நுழைவதற்கு எல்லாப் பயிற்சியும் தருகிறார்கள். வெளியேற ஒருவரும் சொல்லித் தருவதில்லை. ஒரு மரணத்துக்குப் பின் ஊசிகளையும் குழாய்களையும் அகற்றி, உடலைத் துடைத்து, உடைமைகளை உறவினரிடம் கொடுத்து, பதிவேட்டில் நேரம் எழுதி முடிப்பதற்குள் அடுத்த படுக்கையின் மணி ஒலிக்கும். அப்படியே குறுக்கே தாண்டி ஓடுவோம். பல ஆண்டுகள் அப்படித் தாண்டியவள் நான்.

பிரான்சின் ஷார்த்ர் தேவாலயத் தளத்தில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்த லாபிரிந்த் சுமார் 13 மீட்டர் அகலம்தான். ஆனால் அதற்குள் சுருண்டு கிடக்கும் பாதையின் நீளம் 260 மீட்டருக்கு மேல். போய்த் திரும்பினால் அரை கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பெரும்பாலான நாட்களில் அதன் மேல் நாற்காலிகள் கிடக்கும். அந்த வடிவத்தை 1991இல் சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் தேவாலயத்தில் துணியில் விரித்து இந்தப் பழக்கத்துக்கு மறுவாழ்வு தந்தவர்களில் ஒருவர் அங்கே பாதிரியாராக இருந்த லாரன் ஆர்ட்ரெஸ். இறக்கி வைத்தல், பெற்றுக்கொள்ளுதல், திரும்புதல் என்று மூன்று கட்டங்களை அவர் சொல்லித் தருகிறார். மூன்றாவதை நான் படித்து அறிந்திருந்தேன். கால்களுக்கு அது தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

எழுந்து நடக்க முடியாதவர்களுக்காக எங்கள் துணியில் உள்ள அதே வடிவத்தை மரப்பலகையில் பள்ளமாகச் செதுக்கியது ஒன்று எங்களிடம் இருந்தது. விரலால் தடவிக்கொண்டே போகலாம். இத்தாலியின் லூக்கா தேவாலயச் சுவரிலும் விரலால் தடவும் அளவில் கல்லில் ஒன்று இருக்கிறது. வழக்கமாகப் பயன்படுத்தாத கையின் விரலை வைத்தால் வேகம் தானாகக் குறையும். ஒரு பெரியவர் பிற்பகல் முழுவதும் அதை மடியில் வைத்திருப்பார். ஒருநாள் விரலை மையத்தில் வைத்துக்கொண்டு, “சிஸ்டர், திரும்பி வந்துதான் ஆக வேண்டுமா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவராகவே விரலை நகர்த்தினார், போனதைவிட மெதுவாக. வாசலுக்கு வந்ததும் பலகையை என்னிடம் நீட்டினார்.

பின்னர் அவர் வீட்டிலேயே இருக்க விரும்பிக் கிளம்பியபோது பலகையும் அவரோடு போயிற்று. கொடுத்தது நான்தான். தச்சரிடம் சொல்லிப் புதிதாக நான்கு செய்ய வைத்தேன். அவற்றில் முதல் பலகையைத் தொட்டுப் பார்த்த ஒரு அம்மாள் பள்ளமே தெரியவில்லை என்றார். கீமோதெரபியால் அவருக்கு விரல் நுனிகள் மரத்திருந்தன. நான்கையும் இன்னும் ஆழமாகச் செதுக்கத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.