பழுது ஓரிடம், ட்ரிப் ஆனது வேறிடம்

அனல்மின் நிலையம் ஒன்றில் ரிலே (பழுதைக் கண்டு பிரேக்கரைத் திறக்க வைக்கும் கருவி) பிரிவில் இருந்தபோது நடந்தது. பல மோட்டார்களுக்குச் சப்ளை பிரியும் 6.6 கிலோவோல்ட் பஸ்ஸில் ஒரு ஃபேன் மோட்டாரின் கேபிள் முனை வெடித்தது. அதன் பிரேக்கர் ட்ரிப் ஆனது, சரி. அதே பஸ்ஸின் பக்கத்து ஃபீடரில் (பிரியும் இணைப்பில்) ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பம்ப் மோட்டாரும் ஓவர்கரண்ட் காட்டி நின்றுவிட்டது. மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்தார்கள், குறையொன்றும் இல்லை. “ரிலேதான் போச்சு, மாத்திடுங்க சார்” என்றார் ஷிஃப்ட் பொறியாளர். வோல்டேஜே படுத்துவிட்ட பஸ்ஸிலிருந்து மோட்டார் எப்படிக் கரண்ட் இழுக்கும் என்பது அவர் கேள்வி.

மோட்டார் இழுக்கவில்லை, பழுதுக்குக் கரண்ட் கொடுத்தது. அந்த ரிலேவுக்குத் திசை தெரியாது, அளவுதான் தெரியும்.

இண்டக்‌ஷன் மோட்டாருக்குத் தனி ஃபீல்டு (காந்தம் உண்டாக்கும் சுருள்) கிடையாது. சப்ளை போனால் காந்தப்பாயமும் போய்விடும் என்றே பலரும் நினைக்கிறோம். (வகுப்பில் ஷார்ட் சர்க்கியூட் பாடத்தை ஆல்டர்னேட்டரோடு முடித்துவிடுவதும் ஒரு காரணம்.) ஆனால் தடை குறைந்த மூடிய சுற்று எதுவும் தன்னுள் இருக்கும் பாயத்தைச் சட்டென்று விடாது. சுழலும் பகுதியான ரோட்டரின் கம்பிகள் எப்போதுமே முனை வளையங்களால் ஷார்ட் செய்யப்பட்டவை. பஸ்ஸில் ஷார்ட் விழுந்ததும் சுழலாத பகுதியான ஸ்டேட்டரும் ஏறக்குறைய அப்படியே ஆகிவிடுகிறது. அதன் பாயம் அந்தக் கணத்தில் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். ரோட்டரின் பாயமோ ரோட்டரோடு சுற்றிக்கொண்டே போகும். 50 ஹெர்ட்ஸில் சுமார் 10 மில்லிசெகண்டில் இரண்டும் எதிரெதிராக வந்துவிடும். அப்போது பாயம் இரண்டுக்கும் நடுவிலுள்ள காற்றிடைவெளியைத் தாண்ட முடியாமல் காடி ஓரங்களிலும் சுருள் முனைகளிலும் கசிவுப் பாதைகளில் ஒதுங்கும். அங்கே இண்டக்டன்ஸ் குறைவு. அதே பாயத்தைத் தாங்கப் பல மடங்கு கரண்ட் வேண்டும். ஸ்டார்ட்டிங்கில் இழுக்கும் 5, 6 மடங்கு அளவுக்கே அது வரும். டிசி பங்கும் (அலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பிறகு தேய்ந்துபோகும் பகுதி) சேர்ந்தால் முதல் உச்சம் இன்னும் மேலே.

ரிக்கார்டர் பதிவிலும் அதுதான் இருந்தது: முதல் அரைச் சுழற்சியில் பெரிய முகடு, சில சுழற்சிகளில் எல்லாம் அடக்கம். ரிலே ட்ரிப் செய்யும் அளவான செட்டிங்கோ ஸ்டார்ட்டிங் கரண்டுக்குச் சற்றே மேலே. டிசியை வடிகட்டும் வசதியும் இல்லாத பழைய ரிலே. டிசி பங்குக்கும் இடம் விட்டு செட்டிங்கை ஏற்றினோம், ரிலேவை மாற்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஷிஃப்ட் பொறியாளருக்கு இந்தப் பாயம் பழகியதுதான். பஸ்ஸை ஒரு சப்ளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எஞ்சிய வோல்டேஜ் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கட்டும் என்று காத்திருப்பவர் அவர். அங்கே ஸ்டேட்டர் திறந்திருப்பதால் பாயம் மெதுவாகத் தேய்கிறது, மீட்டரில் முள் இறங்குவது கண்ணுக்கே தெரியும். ஷார்ட்டில் முள் அசைவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.